எட்டாத நாடா

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது, அடையாள அட்டையில் இருக்கிறது. மற்றபடி அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. தெருவுக்கும் சபைக்கும் அவள் டேப்பக்கா. கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் நிற அளவு டேப் ஒன்று தொங்கும். காய்கறி வாங்கப் போனாலும் தொங்கும், பல் டாக்டரிடம் போனாலும் தொங்கும். ஆராதனைக்கு மட்டும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். அதையும் ஒருநாள் மறந்துபோய், திருவிருந்து வாங்க முழங்காலிட்டபோது டேப்பின் நுனி கிண்ணத்துக்குள் விழப் பார்த்தது. போதகர் சட்டென்று கையால் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து பெயர் நிலைத்துவிட்டது.

பதினாறு வயதில் ஒரு தையல் கடையில் காஜா எடுக்கச் சேர்ந்தவள். காஜா என்றால், பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றிக் கையால் நூல் கட்டுவது. ஒரு நாளைக்கு நாற்பது சட்டை. கடைக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம். ஒரு காஜா கோணலாகப் போனால் சட்டையை மூஞ்சியிலேயே விட்டெறிவார். "இதப் போட்டுக்கிட்டுப் போறவன் உன்னையா திட்டுவான்? என்னைத்தானே திட்டுவான்!" என்று கத்துவார். நாலு வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் அந்த மனுஷன் திட்டத் திட்டத்தான் அவளுக்குக் கை படிந்தது, அதை அவளே சொல்வாள். பிறகு கட்டிங் கற்றாள், பள்ளிச் சீருடை தைத்தாள், பஸ் டிப்போ மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்து அனுப்பியும் வைத்தாள். இப்போது வயது ஐம்பத்திரண்டு. தைக்கிற கைக்கு ஐம்பத்திரண்டு ஒரு வயதா என்ன!

சபைக் கட்டிடத்துக்குப் பின்னால், ஞாயிறு பள்ளிக்காகக் கட்டிய நீள அறைதான் தையல்கூடம். நாலு மிஷின். பழைய கதவு ஒன்றை இரண்டு பெஞ்சுகள் மேல் போட்டால் அது கட்டிங் டேபிள். மூலையில் இஸ்திரிப்பெட்டி. சுவரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரைந்த ஒட்டகங்கள். டேப்பக்காவையும் சேர்த்து ஆறு பெண்கள் வேலை செய்தார்கள், அவர்களில் ஒருத்தி டேப்பக்காவின் நாத்தனார். வாய் கொஞ்சம் நீளம், மடிப்பு கொஞ்சம் கோணல். இரண்டையும் டேப்பக்கா பொறுத்துக்கொண்டாள், புருஷனின் கூடப்பிறந்தவள் ஆயிற்றே.

அந்தக் கூடம் வந்த கதை இது. கடல் தாண்டி இன்னொரு நாட்டில் ஒரு சபை. அவர்களுக்கும் இந்தச் சபைக்கும் நெடுநாள் உறவு. முதலில் பழந்துணி மூட்டை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. இனிமேல் தர்மமாகக் கொடுக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை, உங்கள் பெண்களின் கைவேலையை நியாயமான விலைக்கு நாங்கள் வாங்குகிறோம், ஆராதனை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு விற்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். போதகர் அதைச் சபையில் வாசித்தபோது மற்றவர்கள் மூட்டை நின்றுபோகிறதே என்று யோசித்தார்கள். டேப்பக்காவுக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் வாழ்க்கையில் நியாயமான விலை என்ற சொல்லை ஒரு வியாபாரி வாயிலிருந்து கேட்டதே இல்லை.

அவர்கள் கேட்டது சமையல் ஏப்ரன். ஒரு படம் போட்டு அனுப்பினார்கள். கழுத்தில் மாட்ட ஒரு வளையம், வயிற்றில் ஒரு பாக்கெட், இடுப்புக்குப் பின்னால் முடிச்சுப் போட இரண்டு பக்கமும் நாடா. அளவு எதுவும் போடவில்லை. டேப்பக்கா வீட்டில் யாரும் ஏப்ரன் கட்டிச் சமைத்தது கிடையாது. அதனால் என்ன? டேப் இருக்கிறது, உடம்பு இருக்கிறது. தன் இடுப்பிலேயே வைத்து அளந்தாள். நாடா பக்கத்துக்குப் பதினாலு அங்குலம் என்று வெட்டி, மாதிரிக்கு ஒன்று தைத்து அனுப்பினாள். பதில் வந்தது: மிக அழகு, ஒரு குறையும் இல்லை.

அப்புறமென்ன, வருஷத்துக்கு அறுநூறு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் முன்பே கப்பலேறிவிடும். வருஷா வருஷம் ஒரு கடிதம், வருஷா வருஷம் அதே வாசகம்: மிக அழகு, ஒரு குறையும் இல்லை. பத்துக் கடிதங்களையும் ஒட்டகங்களுக்குக் கீழே வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள். ஒரு குறையும் இல்லை என்று பத்து வருஷம் வாங்கிய தையல்காரி இந்த ஊரில் வேறு யார்? கொஞ்சம் தலைக்கனம் ஏறியதும் உண்மைதான். நாத்தனார் மடிப்பைக் கோணலாகத் தைத்தால், "பத்து வருஷப் பேரக் கெடுத்துடாதடி" என்று பிரித்துத் தைக்கச் சொல்வாள்.

தைத்து முடித்த ஒவ்வொரு ஏப்ரனிலும் ஒரு அட்டை கட்டவேண்டும். இந்த வேலைக்கென்று இரண்டு சபைகளும் சேர்ந்து வைத்த திட்ட ஆபீஸிலிருந்து அச்சடித்து வரும். மேலெல்லாம் அந்த நாட்டு எழுத்து. அடியில், ஆபீஸ் சௌகரியத்துக்கோ என்னவோ, நம் எழுத்தில் 'பயனாளி எண்' என்று போட்டு ஒரு நம்பர் இருக்கும். டேப்பக்காவுக்கு வரும் அட்டைக்கட்டு முழுக்க ஏழு. நாத்தனாருக்கு ஒன்பது. இதில் டேப்பக்காவுக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. பயன்படுத்துகிறவர் பயனாளி. ஏப்ரனைப் பயன்படுத்தப்போவது யார்? அந்த நாட்டு அம்மா. ஆக, தான் தைப்பதெல்லாம் அங்கே ஏழாம் நம்பர் அம்மாவின் பொறுப்புக்குப் போகிறது, அவர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். இதில் யாரையும் போய்க் கேட்க என்ன இருக்கிறது?

கேட்கவில்லை, ஆனால் ஜெபித்தாள். அட்டை கட்டும்போது நாடாவில் கையை வைத்து, "ஆண்டவரே, ஏழாம் நம்பர் பயனாளியைக் காப்பாத்தும். அடுப்படியில கை சுட்டுக்காமப் பாத்துக்கும். நின்னு நின்னு கால் வலிக்கும், அதையும் கவனிச்சுக்கும்" என்பாள். பதினோரு வருஷம், ஒரு நாள் தப்பாமல். போதகர் ஞாயிற்றுக்கிழமைகளில் உலகத்து ஏழைகளுக்காக ஜெபிக்கும்போதும் மனமுருகி ஆமென் சொல்வாள். அந்த ஏழைகள் எங்கேயோ இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள், பாவம்.

பதினோராவது வருஷம் அந்தச் சபையிலிருந்து ஓர் அம்மா நேரில் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வாசலில் மேசை போட்டு விற்கிறவர் அவர்தான். நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற பருமன், சிரித்த முகம். ஒரு வாரம் தங்கினார். ஞாயிறு ஆராதனையில் அவருக்கு மரியாதை செய்யவேண்டும் என்று போதகர் சொன்னார். "வேற என்னத்தக் குடுக்கிறது, நம்ம ஏப்ரனையே கட்டிவிடுங்க டேப்பக்கா. உங்க கையால."

டேப்பக்கா அன்றைக்கென்று தனியாக ஒன்று தைத்தாள். நீலத்தில் வெள்ளைக் கோடு, பாக்கெட்டில் ஒரு சின்னப் புறா. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தலைமையாசிரியையின் கழுத்தில் வளையத்தை மாட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். முடிச்சுப் போடப் பின்பக்கம் போனாள். வலது நாடாவை இழுத்தாள், இடது நாடாவை இழுத்தாள். இரண்டும் எட்டவில்லை. இடையில் நாலு விரல் இடைவெளி.

இன்னும் கொஞ்சம் இழுத்தாள். தலைமையாசிரியை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார், பாவம், அவரால் ஆனது அதுதான். நாலு விரல் மூன்று விரல் ஆயிற்று. அந்த நேரம் பார்த்துப் போதகர், "ஜெபிப்போம்" என்றார்.

விட்டால் ஏப்ரன் முன்னால் கொடியில் போட்ட துணி மாதிரி ஆடும். விடாமல் இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். போதகர் ஜெபம் சின்னது என்று யாரும் குறை சொன்னது கிடையாது. கொடுக்கிற கரங்களுக்காக ஜெபித்தார், வாங்குகிற கரங்களுக்காக ஜெபித்தார், பஞ்சத்தில் வாடும் நாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சுற்றி வந்தார். டேப்பக்காவுக்குக் கை மரத்துப்போயிற்று. ஆனால் மனம் மட்டும் வேகமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இந்த அம்மாவுக்கு எட்டவில்லை என்றால் இந்த அம்மா மாதிரி இருக்கிற யாருக்கும் எட்டாது. அந்த நாட்டில் எல்லோரும் இந்த அளவா? வருஷத்துக்கு அறுநூறு, பதினோரு வருஷம். அத்தனையும் எட்டவில்லையா? ஆமென் என்று சபை சொன்னபோது அவள் வாய் திறக்கவில்லை.

ஆராதனை முடிந்து கூடத்தில் டீ. ஆறு பெண்களும், தலைமையாசிரியையும், மொழிபெயர்க்கப் போதகரம்மாவும், கையில் கோப்போடு திட்ட ஆபீஸ் கிளார்க்கும் இருந்தார்கள். போதகரம்மா நல்ல மனுஷி. யார் மனமும் புண்படக்கூடாது என்பதற்காகப் பாதிப் பேச்சை விழுங்கிவிடுவார்.

டேப்பக்கா நேராக விஷயத்துக்கு வர வெட்கப்பட்டு, முதலில் நலம் விசாரித்தாள். "ஏழாம் நம்பர் பயனாளி அம்மா எப்படி இருக்காங்கன்னு கேளுங்கம்மா. கை, கால் எல்லாம் சௌக்கியமா?"

போதகரம்மா விழித்தார். கிளார்க் கோப்பைப் புரட்டினான். "ஏழாம் நம்பரா? அக்கா, அது நீங்கதான்."

"நானா? அட, விளையாடாத தம்பி. ஏப்ரன் போட்டுக்கிறவங்களைக் கேக்கிறேன்."

"பயனாளின்னா உதவி வாங்குறவங்க அக்கா. திட்டத்தால பயன் அடையறவங்க. இந்தத் தையலுக்கு நீங்க ஆறு பேரும்தான் பயனாளி, ஏழுலேருந்து பன்னெண்டு வரைக்கும். இந்தா பாருங்க, ஏழுன்னு போட்டு உங்க போட்டோ." கோப்பில் அவள் படம் ஒட்டியிருந்தது. கீழே அவள் பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர், கூரை என்ன கூரை என்பதுவரை எழுதியிருந்தது.

நாத்தனார்தான் முதலில் குபீரென்று சிரித்தாள். "அண்ணி! அப்ப இத்தன வருஷமா உங்களுக்கே நீங்க ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தீங்களா? அதான் ஒரு கால்வலிகூட வந்ததில்ல!" கூடமே சிரித்தது. டேப்பக்காவும் சிரித்தாள், வேறென்ன செய்ய? ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்துவிட்டது. தான் உதவி வாங்குகிறவள் என்றால், அங்கே துணி வாங்குகிறவர்கள் யார்?

"அம்மா, அந்த ஏப்ரனை அவங்க ஊர்ல கட்டிக்கிறாங்களான்னு கேளுங்க" என்றாள்.

போதகரம்மா கேட்டார். தலைமையாசிரியை முகம் சிவந்து, வெகுநேரம் பேசினார். கையை ஆட்டினார், நெஞ்சில் வைத்துக்கொண்டார். போதகரம்மா திரும்பி, "ரொம்ப நல்லா இருக்காம்" என்றார்.

"அம்மா, அவங்க பேசினது மூணு கெஜம். நீங்க குடுத்தது மூணு அங்குலம். மிச்சம் எங்க?"

போதகரம்மாவுக்குச் சங்கடம். கிளார்க்கைப் பார்த்தார், டீயைப் பார்த்தார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். யாரும் கட்டுவதில்லை. நாடா யாருக்கும் எட்டுவதில்லை. முதல் வருஷமே தெரியும். ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தால் எல்லோரும் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள், அதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்துக்கொள்வார்கள். தலைமையாசிரியையின் அலமாரியில் மட்டும் பதினொன்று மடித்தபடி இருக்கிறது. இடம் போதாதவர்கள் ஏழை நாடுகளுக்குப் போகும் பழந்துணிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

"எந்த ஏழை நாடு?" என்று கேட்டாள் நாத்தனார்.

"முதல் வருஷமே தெரியும்னா ஏன் சொல்லல?" டேப்பக்கா டீத்தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. போதகரம்மா மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் கஷ்டம். இதையும் சொல்லி மனசப் புண்படுத்த வேணாம்னு நெனச்சாங்களாம். அன்பினாலதான்."

"கஷ்டம் இருந்தா காது இருக்காதா? வீட்டுப் பக்கத்துக் கடையில வாங்கினது எட்டலன்னா இவங்க சொல்லமாட்டாங்களா? கொண்டுபோய் மூஞ்சியில எறிஞ்சிருப்பாங்க இல்ல? எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டுவிட்டு டேப்பக்கா எழுந்து வெளியே போனாள். அப்படி அவள் யாரிடமும் பேசினதில்லை.

வீட்டில் புருஷன் சாயங்கால டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாங்கினாங்க இல்ல? அப்புறம் கட்டினா என்ன, கட்டாட்டி என்ன? உனக்கென்ன நஷ்டம்?" என்றார்.

"ஏங்க, நீங்க ரிப்பேர் பண்ணின பஸ்ஸை டிப்போவிலேயே நிறுத்தி வெச்சிட்டு, 'மிக அழகு'ன்னு உங்களுக்குச் சம்பளம் குடுத்துக்கிட்டே இருந்தா சும்மா இருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "ரெண்டு மாசம் இருப்பேன்" என்றார். பிறகு, "அதுக்கு மேல பைத்தியம் புடிச்சிடும்" என்றார்.

பைத்தியம்தான் பிடித்திருந்தது அவளுக்கு. ஆறாயிரத்துக்கு மேல் ஏப்ரன். பிசிறு வெட்டி, மடிப்புக் கலையாமல் தேய்த்து, ஒவ்வொன்றையும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி அனுப்பினாள். ஒன்றிலாவது எண்ணெய்க்கறை பட்டதா? ஒன்றையாவது யாராவது துவைத்தார்களா? பழந்துணி மூட்டையை நிறுத்திவிட்டோம் என்றார்களே, நிறுத்தவே இல்லை. முன்பு தர்மம் மூட்டையில் வந்தது, இப்போது விலை என்ற பேரில் வந்தது, அவ்வளவுதான். தான் தைத்த ஒரு துணி யாருக்காவது உண்மையிலேயே வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. வேண்டாம் என்றால் அதையும் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போதகர் வீட்டுக்குப் போனாள். கழுத்தில் டேப், கக்கத்தில் வெட்டளவு வரைந்த பாட்டர்ன் அட்டை. விஷயம் தெரிந்து நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்தாள். "அண்ணி, உங்க காலப் புடிச்சுக் கேக்கிறேன், சும்மா இருங்க. வருஷம் அறுநூறு பீஸ் அண்ணி. என் பொண்ணு நர்ஸ் படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. அவங்க கட்டினா என்ன, சாமி படத்துக்குத் திரையாப் போட்டா என்ன? வாயக் குடுத்து ஆர்டரக் கெடுத்துடாதீங்க!"

டேப்பக்கா நின்றாள். நாத்தனார் சொல்வது பொய்யில்லை. ஆறு வீட்டு அடுப்பு அந்த அறுநூறில்தான் எரிந்தது, அவள் வீட்டு அடுப்பும் சேர்த்து. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் திரும்பிப் போனால் இன்றைக்கு மிஷினில் உட்கார்ந்து அதே பதினாலு அங்குல நாடாவை வெட்டவேண்டும். யாருக்கும் எட்டாது என்று தெரிந்தே வெட்டவேண்டும். அது அவளால் முடியாது.

"உன் பொண்ணு படிப்புக்கு நான் வேற வழி பாக்கிறேன்டி, நீ அழாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாத்தனார் வாசலிலேயே நின்றுகொண்டு அழுதாள்.

போதகர் நிலைமையைப் புரிந்துகொண்டு முதலில் சமாதானம் சொன்னார். "டேப்பக்கா, குறை சொல்லாம ஏத்துக்கிட்டது அவங்க அன்பு. நாமும் அதக் குறை சொல்லாம ஏத்துக்கலாமே."

"அன்பு சரிங்கய்யா. நான் கேக்கிறது ஏப்ரன் வேணுமா வேணாமாங்கிறது. அன்புக்கு வேற வழி இல்லாமலா ஆறாயிரம் துணியை அலமாரியில அடுக்கணும்?"

போதகர் மோவாயைத் தடவிக்கொண்டார். அவரும் ஏழைகளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்தவர். அந்தக் கேள்விக்கு மட்டும் கையில் குறிப்பு இல்லை. "உள்ள வாங்க, நீங்களே கேளுங்க" என்று சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.

தலைமையாசிரியை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். டேப்பக்கா டேப்பை உருவினாள். எழுந்து நிற்கும்படி சைகை காட்டினாள். அந்த அம்மாவின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். நம்பரைப் பார்த்த தலைமையாசிரியை வெட்கத்தோடு எதையோ சொன்னார். போதகரம்மா விழுங்காமல் அப்படியே மொழிபெயர்த்தார்: "சபையில யாருகிட்டயும் இந்த நம்பரச் சொல்லிடாதீங்கன்னு கேக்கிறாங்க."

"தையல்காரிகிட்டயும் டாக்டர்கிட்டயும் வெக்கம் எதுக்கு" என்றாள் டேப்பக்கா. நாடா பக்கத்துக்கு முப்பது அங்குலம் வேண்டியிருந்தது, முன்னால் சுற்றிக்கொண்டுவந்து முடிச்சுப் போடுகிற மாதிரி. பாட்டர்ன் அட்டையில் எழுதிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாக்கெட் எந்த உயரத்தில் இருந்தால் கைக்கு வரும்? துணி கனம் போதுமா? சாயம் போகிறதா? கடைசிக் கேள்விக்கு அந்த அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. துவைத்திருந்தால்தானே தெரியும்.

"இனிமே கட்டிக்கிறவங்க மட்டும் வாங்கட்டும்னு சொல்லுங்கம்மா. வேண்டாதவங்க வாங்கவேணாம். குறை இருந்தா எழுதணும். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு எனக்குத் தெரியணும்."

தலைமையாசிரியை திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "அப்படிச் சொன்னா ரொம்பக் குறைஞ்சுபோகும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று டேப்பக்கா சொல்லவில்லை. "குறையும்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் சொல்லுங்க" என்றாள்.

குறைந்தது. லேசாகவா குறைந்தது! அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆர்டர் நூற்றுநாற்பது. கூடம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறந்தது. இரண்டு பெண்கள் வேறு வேலை தேடிப் போனார்கள், போகும்போது டேப்பக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சபையிலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். வீட்டு வாசலில் வந்து நின்ற ஆசீர்வாதத்தை அளவெடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று ஒருத்தர் சொன்னது அவள் காதுக்கே வந்தது. டேப்பக்கா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கிச் சீருடை ஆர்டர் பிடித்துவந்து அதில் பாதியை நாத்தனாருக்குக் கொடுத்தாள். நாத்தனார் துணியை வாங்கிக்கொண்டாள், முகம் மட்டும் கொடுக்கவில்லை. ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கத்தரிக்கோலை எடுக்கச் சொல்லு" என்று மூன்றாவது ஆள் மூலம் பேசினாள். அவள் மகள் படிப்பு நிற்கவில்லை. ஆனால் அதற்காக டேப்பக்கா ராப்பகலாகச் சட்டைக் காலர் தைத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

அன்று செய்தது சரியா என்று அவளையே கேட்டால் அவளாலும் சொல்ல முடியாது. சில நாள் சரி என்று தோன்றும். சீருடைத் துணி வராத வாரங்களில், பெரிய நியாயஸ்தியாக்கும் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அந்த நூற்றுநாற்பதும் கப்பலேறிப் போனது. போய்ச் சேர்ந்தது என்று ஒரு வரி வந்ததோடு சரி. அதற்கப்புறம் மாசக்கணக்காக ஒரு சத்தமும் இல்லை. இந்த முறை 'மிக அழகு' என்றுகூட யாரும் எழுதவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போதகரம்மா கையில் ஒரு கடிதத்தோடு கூடத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்று செருப்பை மெதுவாகக் கழற்றினார். நல்ல செய்தி இல்லை என்று அவர் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.

"தலைமையாசிரியை அம்மா எழுதியிருக்காங்க. கொஞ்சம்... கொஞ்சம் காரமாத்தான் இருக்கு" என்றார்.

"வாசிங்கம்மா" என்றாள் டேப்பக்கா. மிஷினை நிறுத்திவிட்டாள்.

போதகரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக நம் பேச்சில் சொன்னார். "எங்க வீட்ல சமைக்கிறது என் வீட்டுக்காரர்தான். நீங்க அனுப்பின ஏப்ரனக் காலையில எழுந்ததும் கட்டினா, படுக்கப் போகும்போதுதான் அவுக்கிறார். சாவி, கரண்டி, கண்ணாடின்னு எல்லாத்தையும் அந்தப் பாக்கெட்லதான் போடறார். எட்டே மாசம். பாக்கெட்டோட இடது மூலை கிழிஞ்சு தொங்குது. ரெண்டு கடையிலயும் விசாரிச்சிட்டேன், இந்த விலைக்கு வாங்கின துணி எட்டு மாசத்துல கிழியாது. என்ன தையல் போட்டீங்க? மூலையில ரெட்டைத் தையல் போடவேணாமா? பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே மூலைதான் கிழிஞ்சிருக்கு. அடுத்த தடவையும் இப்படி அனுப்பினா நான் வேற கடையப் பாத்துக்குவேன்."

நாத்தனார் பதினாலு மாதம் கழித்து முதல்முறையாக அண்ணியின் முகத்தைப் பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"கிழிஞ்சது போ! இருந்த நூத்துநாப்பதும் போச்சு!"

"ஆமாண்டி, கிழிஞ்சுதான் போச்சு!" என்று கத்தினாள் டேப்பக்கா. எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, வாய் காதுவரை சிரிக்கிறது. "கேட்டியா? காலையில கட்டினா படுக்கும்போதுதான் அவுக்கிறாராம். கிழிஞ்சு தொங்குதாம்டி! பக்கத்து வீட்லயும் கிழிஞ்சுடுச்சாம்!"

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போதகரம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தத் திட்டின இடத்த மட்டும் இன்னொரு தடவை வாசிங்க."